பழைய போனை பார்சலில் அனுப்புறீங்களா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டில் புதுப் போன் வந்துவிடும். எங்கள் காவேரிப்பாக்கத்திலும் அதே கதைதான். பழையதைக் கொடுத்துக் கழிக்கப் பார்சல் போடுகிறோம். அது வழியில் தொலைந்தால் நஷ்டம் யார் தலையில் விடியும்?

1. வீட்டு வாசலிலேயே பழையதை வாங்கிக்கொண்டு புதியதைத் தரும் எக்ஸ்சேஞ்ச் கிடைத்தால் அதையே பிடியுங்கள். பார்சல் செலவும் மிச்சம், கவலையும் மிச்சம். வந்த ஆள் வண்டியைக் கிளப்புவதற்குள் 'பெற்றுக்கொண்டோம்' மெசேஜ் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

2. வாங்குகிற கம்பெனியே கூரியர் ஆளை அனுப்பினால், தொலைந்த பொருளுக்கு அவர்களிடமே கறாராகக் கேட்கலாம். நாமே அனுப்பினால், அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்வரை பெரும்பாலும் நம் பாடுதான். அவர்கள் நிபந்தனையில் இதைப் பற்றிய வரியைத் தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் அந்த வரி மாறிவிடலாம்!

3. ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் தபால் துறை தருவது கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 80 ரூபாய் கட்டியிருந்தால் 160 ரூபாய். போன் ஒன்பதாயிரம் பெறும் என்றாலும் அவ்வளவுதான். அதனால் கவுன்டரிலேயே 'இன்சூர் பண்ணணும்' என்று கேளுங்கள்.

4. கூரியர் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பாரதி நிட்டிங் கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பிய கவர் போய்ச் சேராத வழக்கில், கையெழுத்திட்ட ரசீதில் இருந்த 100 டாலர் வரம்புதான் செல்லும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. லட்சக்கணக்கில் கேட்டவர்களுக்கே அந்தக் கதி.

5. 'உள்ளே என்ன' என்ற கட்டத்தில் 'மொபைல் போன்' என்றும், பக்கத்தில் அதன் மதிப்பையும் எழுதச் சொல்லுங்கள். எனக்கு ஒருமுறை கடைப் பையன் அவசரத்தில் 'டாக்குமென்ட்' என்று கிறுக்கிவிட்டான். பார்சல் தொலைந்ததும், "காகிதம்தானேம்மா போச்சு" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

6. \*#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அந்த எண் தெரிய, போனைப் பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டி, சமையலறைத் தராசில் எடை காட்டும்வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். புது ஷூ பெட்டிக்குள் வரும் 'சாப்பிடாதே' பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் இதில் ஒன்று போட்டால் ஈரம் அண்டாது.

7. சிம், மெமரி கார்டு, கூகுள் கணக்கு மூன்றையும் எடுத்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். போன் போனாலும் படங்கள் அடுத்தவர் கைக்குப் போகாது.

8. தொலைந்தது தெரிந்த அன்றே போலீசில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்குங்கள். கூரியர் கடைக்கு நடையாய் நடப்பதைவிட 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதிலும் தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

9. தபால், கூரியர் ரசீதை ஃபிரிட்ஜ் காந்தத்தில் மாட்டாதீர்கள். நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டே மாதத்தில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத்தாள்தான் தொங்கும். அன்றைக்கே போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.