பிறமொழி விசைப்பலகைகளில் தமிழ் 99: விசையின் இடமும் விசைமுக எழுத்தும்

முன்னுரை

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்பளித்த தமிழ் 99, அமெரிக்க ஆங்கில விசைப்பலகையின் மீது வகுக்கப்பட்டது. செருமனி, பிரான்சு நாடுகளில் வழங்கும் விசைப்பலகைகளோ வேறு எழுத்தடுக்கு உடையன. அந்நாடுகளில் வாழும் தமிழர்க்குத் தமிழ் 99 எவ்வாறு பொருத்தப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகைப் பொருத்தம்

விசைப்பலகை கணினிக்கு அனுப்புவது எழுத்தை அன்று. அழுத்திய விசையின் இடத்தைக் குறிக்கும் எண்ணையே. அவ்வெண்ணுக்குரிய எழுத்தை வழங்குவது இயங்குதளம். எனவே, தமிழ் மென்பொருள் இடவெண்ணை நேரே தமிழெழுத்தாக மாற்றலாம். அல்லது இயங்குதளம் தரும் இலத்தீன் எழுத்தைப் பெற்றுப் பின் மாற்றலாம். முன்னதை இடவழிப் பொருத்தம் என்றும் பின்னதை எழுத்துவழிப் பொருத்தம் என்றும் குறிக்கலாம். அமெரிக்கப் பலகையில் இரண்டும் ஒரே பயனைத் தருதலின் வேறுபாடு புலப்படுவதில்லை.

எழுத்துவழிப் பொருத்தத்தின் விளைவு

தமிழ் 99இல் அ, இ, உ, எ ஆகிய குறில்கள் நடுவரிசையிலும் அவற்றின் நெடில்கள் அதற்கு மேல்வரிசையிலும் அமைந்துள்ளன. பிரெஞ்சுப் பலகையில் ஏ, கியூ என்னும் எழுத்துகள் இடம் மாறியுள்ளமையால், எழுத்துவழிப் பொருத்தத்தில் அகரம் மேலேறி ஆகாரம் கீழிறங்கும். டபிள்யூ, இசட் மாறியுள்ளமையால் ஈகாரமும் ஔகாரமும் இடம் மாறும். செருமானியப் பலகையில் வொய், இசட் மாறியுள்ளமையால் ளகரமும் ஔகாரமும் மாறும்.

ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்தும் அமெரிக்கப் பலகையின் நிறுத்தக்குறி விசைகளில் அமைந்தவை. செருமானியப் பலகையில் அக்குறிகளைத் துணைவிசையின்றிப் பெற இயலாது. ஆகவே, தமிழ் என்னும் சொல்லின் ழகரத்திற்கே ஷிப்ட் விசையுடன் 7 என்னும் எண்விசையை அழுத்த நேரும்.

முடிவுரை

இடவழிப் பொருத்தத்தில் இக்குறைகள் எழுவதில்லை. விசைமுகத்து அச்சும் திரையில் தோன்றும் எழுத்தும் முரண்படுதல் அதன் இடர்ப்பாடு எனலாம். தமிழெழுத்து ஒட்டிகளை உரிய இடத்தில் ஒட்டுவதால் அது நீங்கும். குறில் நெடில் இணையை இடத்தால் உணர்த்தும் தமிழ் 99க்கு உரியது இடவழிப் பொருத்தமே. எனவே, பயிற்றுநூல்கள் ளகரத்தை ‘ஆங்கில வொய் விசை’ எனக் கூறாது, ‘மேலெழுத்து வரிசையின் ஆறாம் விசை’ எனக் குறித்தல் வேண்டும். ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 9995 தரப்பாடும் விசைகளை வரிசை, நிரல் கொண்டே சுட்டுகிறது. அதன்படி ளகரத்தின் இடம் டி06 ஆகும்.