பூட்டு உடையவில்லை, இரகசியம் கசிந்தது!

ஒரு பள்ளி அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே சுறுசுறுப்பான எழுத்தர் ஒருவர் இருக்கிறார். மதிப்பெண் பட்டியல் அவர் பொறுப்பில் உள்ளது. தலைமையாசிரியரின் அனுமதியின்றி அதை யாருக்கும் காட்டக்கூடாது என்பது விதி.

ஒரு மாணவன் வருகிறான். "முருகனின் கணக்கு மதிப்பெண் எத்தனையோ, அந்த எண்ணுள்ள புத்தகத்தைக் கிடங்கிலிருந்து எடுத்துத் தாருங்கள்" என்கிறான். எழுத்தர் அனுமதி கேட்டு ஆள் அனுப்புகிறார். பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பட்டியலைப் பார்த்து, 73ஆம் எண் புத்தகத்தைக் கொண்டுவந்து உள்ளறை மேசையில் வைக்கிறார். அதற்குள் பதில் வந்துவிடுகிறது: "அனுமதி இல்லை!" எழுத்தர் கையை விரித்துவிடுகிறார்.

இரகசியம் தப்பியதா? இல்லை. மாணவன் இப்போது 0 முதல் 100 வரை ஒவ்வொரு புத்தகமாகக் கேட்கிறான். புத்தகம் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டே! ஒவ்வொன்றும் கிடங்கிலிருந்து வர ஐந்து நிமிடம் ஆகிறது. 73 மட்டும் உடனே வருகிறது. மதிப்பெண் தெரிந்துவிட்டது அல்லவா?

கணிப்பொறியிலும் இதுவே நடந்தது. அங்கே எழுத்தரின் வேலையைச் செய்வது பிராசஸர். முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு தகவல் வந்து சேரும் நேரத்தில் அது நூற்றுக்கணக்கான கட்டளைகளை முடித்துவிடக் கூடியது. ஆகவே காத்திராமல் அடுத்த வேலைகளை முன்கூட்டியே செய்துவைக்கிறது. அவை செல்லாதவை என்று பின்னர் தெரிந்தால் விடைகளை அழித்துவிடும். ஆனால் அப்போது எடுத்துவந்த தகவல், 'கேஷ்' என்னும் விரைவு நினைவகத்தில் தங்கிவிடுகிறது. இந்தக் கேஷ்தான் உள்ளறை மேசை!

சரி, மதிப்பெண் பட்டியல் எது? அதுதான் கெர்னலின் நினைவகம். கெர்னல் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். கணிப்பொறியை இயக்கும் மென்பொருளின் உட்பகுதிக்கு இப்பெயர். கோப்புகள், நினைவகம், வலைத்தொடர்பு எல்லாம் அதன் ஆளுகையில் உள்ளவை. அதன் வழியாகப் பிற நிரல்களின் கடவுச்சொற்களையும் எட்டிவிடலாம்.

ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்தின் வரைபடம் ஒன்று உண்டு. இதற்குப் பக்க அட்டவணை என்று பெயர். முன்பு அந்த வரைபடத்திலேயே கெர்னலின் இடமும் குறிக்கப்பட்டு, பக்கத்தில் 'நுழையாதே' என்ற அடையாளம் இடப்பட்டிருந்தது. கெர்னலை அழைக்கும்போதெல்லாம் வரைபடத்தை மாற்ற வேண்டாம். வேகம் மிச்சம் என்பதே காரணம். ஆனால் பல ஆண்டுகளாக விற்பனையான இன்டெல் பிராசஸர்கள் தகவலை முதலில் எடுத்துவிட்டு, அடையாளத்தைப் பிறகுதான் மதித்தன. 2018 ஜனவரி 3 அன்று உலகுக்கு அறிவிக்கப்பட்ட இக்குறைக்கு 'மெல்ட்டவுன்' என்று பெயர். ஒரு பைட்டின் மதிப்பு 0 முதல் 255 வரை இருக்கலாம். ஆகவே தாக்கும் நிரல் 256 இடங்களைத் தொட்டு நேரம் பார்க்கிறது. விரைவாகப் பதில் தரும் இடமே இரகசிய எண்!

இதற்கு மருந்து என்ன? விற்றுவிட்ட பிராசஸர்களை எல்லாம் மாற்ற முடியுமா? ஆகவே வரைபடத்தை மாற்றினார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் 'கெய்சர்' என்ற முறையை வெளியிட்டிருந்தார்கள். கெர்னல் இருக்குமிடத்தை மறைப்பதற்காக வகுக்கப்பட்ட அம்முறை, மெல்ட்டவுனுக்கும் மருந்தாயிற்று. இதன்படி வரைபடங்கள் இரண்டு. நிரல் ஓடும்போது பயன்படும் வரைபடத்தில், உள்ளே நுழையத் தேவையான சிறு பகுதி தவிர, கெர்னலே இராது. இருக்குமிடமே தெரியாத பட்டியலை எவ்வளவு சுறுசுறுப்பான எழுத்தராலும் முன்கூட்டிப் பார்க்க முடியாதல்லவா? 2018 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 4.15 பதிப்பில் இந்த ஏற்பாடு இடம்பெற்றது. விண்டோஸ், மேக் கணிப்பொறிகளிலும் இதுபோன்ற முறைகள் வந்தன.

ஆனால் பாதுகாப்பு இலவசமாகக் கிடைப்பதில்லை. கெர்னலுக்குள் போகும்போதும் திரும்பும்போதும் வரைபடத்தை மாற்ற வேண்டும். எனவே கெர்னலை அடிக்கடி அழைக்கும் நிரல்களின் வேகம் குறைந்தது. பின்னர் வந்த இன்டெல் பிராசஸர்களில் இக்குறை வன்பொருளிலேயே சரிசெய்யப்பட்டது. எனினும் அதே நாளில் அறிவிக்கப்பட்ட 'ஸ்பெக்டர்' என்னும் குறைக்கு இரண்டு வரைபடங்கள் போதவில்லை. பிராசஸர் எந்தக் கிளையில் செல்வது என்று ஊகிக்கும்போது அதைத் தவறான வழியில் இழுப்பது ஸ்பெக்டர். அதற்கு, ஊகத்தை நிறுத்திவைக்கும் கட்டளைகளைக் கெர்னலின் நிரலிலேயே ஆங்காங்கே சேர்க்க வேண்டியிருந்தது.

அழித்துவிட்ட விடையும் சுவடு விட்டுச் செல்லும். அச்சுவடு நேரத்தில் தெரியும். இதுவே மெல்ட்டவுன் கற்பித்த பாடம்.

சிந்தித்துப் பாருங்கள்: பை என்னும் எண்ணைப் பல்லாயிரம் இலக்கங்களுக்குக் கணக்கிடும் நிரல் ஒன்று, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறந்து படிக்கும் நிரல் மற்றொன்று. இரட்டை வரைபட முறையால் இவற்றுள் எதன் வேகம் அதிகம் குறையும்? ஏன்?