வாயில் வெள்ளைத் திட்டு: நுண்ணோக்கி சொல்லும் தீர்ப்பு

மாணவர்களே, கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, மெத்திலின் நீலம் இட்டு, நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறீர்களா? தட்டையான உயிரணுக்களும் அவற்றின் நடுவே நீலப் புள்ளியாக உட்கருவும் தெரியும். வாய்ப்புற்றுநோயை உறுதி செய்யும் மருத்துவர் பார்ப்பதும் இத்தகைய உயிரணுக்களைத்தான்.

மம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு புதிதல்ல. புகையிலை சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மலேசியாவில் 1993-94-இல் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாயைப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் இந்தியரிடையே 100-க்கு 4 பேரிடம் காணப்பட்டன. சீனரிடையே இது 200-க்கு ஒருவர்தான்.

வாயில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது. அது பல் உரசியதால் வந்ததா, பூஞ்சையா, புற்றுநோயின் தொடக்கமா? கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் மருத்துவர் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சிறு துண்டுத் திசுவை வெட்டி எடுக்கிறார். இதுவே பயாப்சி.

அத்துண்டு கெடாமல் இருக்க ஃபார்மலினில் இடப்படும். பிறகு அதை பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற கருவியால் 4 அல்லது 5 மைக்ரோமீட்டர் தடிப்பில் சீவுவார்கள். ஒரு மில்லிமீட்டரில் இப்படி 200 சீவல்கள் அடங்கும்! ஹீமடாக்சிலின் சாயம் உட்கருவை நீலமாக்கும். இயோசின் மற்றவற்றை இளஞ்சிவப்பாக்கும்.

சுரண்டி எடுத்தாலே போதாதா? சுரண்டினால் கிடைப்பவை உதிர்ந்த செங்கற்கள். சீவலில்தான் முழுச் சுவரும் தெரியும். நலமான திசுவில் உயிரணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு அடியில் அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய எல்லை உண்டு. உட்கருக்கள் பெருத்து, கறுத்து, அடுக்கு குலைந்திருந்தால் அது எச்சரிக்கை. அந்த உயிரணுக்கள் எல்லையை உடைத்துக் கீழே இறங்கிவிட்டால் அது புற்றுநோய்.

பாக்கு மெல்பவர்களில் சிலருக்கு வாயைத் திறப்பதே சிரமமாகும். இந்நோயின் திசு மாற்றங்களை டென்மார்க்கின் பிண்ட்போர்க்கும் மும்பையின் சத்தியவதி சிர்சாத்தும் 1966-இல் விளக்கினார்கள். சீவலில் மேல்தோல் மெலிந்திருக்கும். அதன் அடியில் கொலாஜன் நார்கள் தடித்து இறுகியிருக்கும். இதுவும் புற்றுநோயாக மாறக்கூடும்.

தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லையே என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். எல்லை உடையும் முன்பே கண்டுபிடித்தால் சிகிச்சை எளிது. எனவே தாத்தா, பாட்டியின் வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால், அவர்களை அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். பாக்கை விடவும் அன்போடு சொல்லுங்கள்.