பிள்ளை படிக்கிறதா? நாமே பார்த்துத் தெரிந்துகொள்வோம்



மே, ஜூன் மாதம் வந்தால் நம் குழுக்களில் உள்கடன் கேட்பவர்களில் பாதிப்பேர் சொல்லும் காரணம் படிப்புச் செலவுதான். அதில் ஒரு பகுதி, அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை வேன் வரும் பள்ளிக்கு மாற்றுவதற்காகக் கேட்கிற கடன். ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டால், இலஞ்சியிலும் மேலகரத்திலும் ஆய்க்குடியிலும் நாங்கள் கேட்கும் பதில் ஒன்றுபோலவே இருக்கிறது. "எக்கா, அங்க பாடமே நடத்தல. பாயை விரிச்சு உக்கார வச்சு, அட்டையைக் குடுத்து, ஆடு பாடுன்னு விடுதாங்க. பரீட்சை கூட ஒழுங்கா கிடையாது."

கடன் வாங்குவது உங்கள் உரிமை. ஆனால் அந்த அட்டையும் பாட்டும் என்ன என்று தெரிந்துகொண்டு முடிவு எடுப்பது நல்லது.

நாம் படித்த காலத்தில் டீச்சர் போர்டில் எழுதுவார், நாம் பார்த்து எழுதுவோம். புரியாத பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போகும், பிறகு பீடி சுற்றப் போகும். இதை மாற்ற நினைத்தவர்களில் ஒருவர் எம்.பி. விஜயகுமார். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தவர். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலி என்ற பள்ளி, சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அட்டைகள் வைத்துச் சொல்லிக் கொடுத்த முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி வைத்தார். 2007-08இல் அது தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. இதுதான் செயல்வழிக் கற்றல்.

அதில் பாடம் ஏணிப்படி மாதிரி இருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. ஒரு படி ஏறின பிள்ளைதான் அடுத்த அட்டையை எடுக்கும். சுவரின் அடியில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் செய்த படமும் எழுத்தும் தொங்கும். இதில் நம்ம ஊருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பள்ளியின் முதல் பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. குற்றாலத்தில் சாரல் சீசனும் அதே மாதங்கள்தான். கடைக்கோ லாட்ஜ் வேலைக்கோ போகும் அம்மா, சின்னதைப் பார்த்துக்கொள்ள பெரியதை நாலு நாள் நிறுத்திவிடுவது நடக்கிறது. (நடக்கக் கூடாது, ஆனால் நடக்கிறது.) பழைய முறையில் அந்தப் பிள்ளை திரும்பிப் போகும்போது வகுப்பு நாலு பாடம் தாண்டியிருக்கும். ஏணிப்படி முறையில் விட்ட படியில் இருந்தே ஏறலாம்.

இதில் குறை இல்லையா? உண்டு. ஒரே டீச்சர் இரண்டு மூன்று வகுப்பைப் பார்க்கும் பள்ளியில், அட்டையோடு உட்கார்ந்திருக்கும் எல்லாப் பிள்ளையையும் அவரால் கவனிக்க முடியாது. அட்டவணையில் கட்டம் நிரம்பியிருக்கும், பிள்ளை ஏறியிருக்காது.

பரீட்சை விஷயத்துக்கு வருவோம். 2012-13இல் முப்பருவ முறை வந்தது. 60 மார்க் பருவத் தேர்வுக்கு, 40 மார்க் பருவம் நடக்கும்போதே பிள்ளை செய்கிற வேலைக்கும் சின்னத் தேர்வுகளுக்கும். முதலாவதைத் தொகுத்தறி மதிப்பீடு என்றும் இரண்டாவதை வளரறி மதிப்பீடு என்றும் சொல்கிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பீடி சுற்றும் நமக்கு இது தெரிந்த விஷயம்தான். மகளுக்குப் பீடி சுற்றப் பழக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து "இலையை இப்படி வெட்டு, தூள் கூடிப்போச்சு" என்று அப்போதைக்கப்போது திருத்துகிறோம் அல்லவா, அது வளரறி. சாயங்காலம் கடையில் செக் பண்ணி, சரியில்லாததைக் கழித்துப் போடுவது தொகுத்தறி. கழித்த பிறகு திருத்த வழியில்லை, கூலிதான் போகும். அதனால்தான் முன்னதுக்கும் மார்க் வைத்தார்கள்.

ஆனால் அந்த 40 மார்க் என்ன ஆகிறது என்று நமக்கே தெரியும். படம் வாங்கக் கடைக்கு ஓடுவது நாம். சார்ட்டில் ஒட்டுவதும் நாம். மார்க் பிள்ளைக்கு!

எட்டாம் வகுப்பு வரை தமிழகத்தில் ஃபெயில் கிடையாது. 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்ததை 2020 பிப்ரவரியில் அரசே திரும்பப் பெற்றது. அது நல்லதுதான் என்பது எங்கள் கருத்து. பத்து வயதுப் பிள்ளையை ஃபெயில் ஆக்கினால் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்பு. ஆனால் ஃபெயில் இல்லாத இடத்தில், பிள்ளை கற்றதா இல்லையா என்று பார்க்கும் பொறுப்பு கூடுகிறது.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அடுத்த வருடம் அசர் ஆய்வுக்காரர்கள் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னபோது, தமிழகத்தில் மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு சுமார் 5 பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். 2024-இல் நிலைமை கொஞ்சம் ஏறியிருக்கிறது. இந்த இழப்பைச் சரிக்கட்டத்தான் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையைப் பார்த்துப் பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அரும்பிலும் இருக்கலாம்.

அந்த ஆய்வுக்காரர்கள் செய்ததை நாமும் வீட்டில் செய்யலாம். முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு நாலு வரி, கடைசியில் ஒரு சின்னக் கதை. பிள்ளை எதில் நிற்கிறதோ அதுதான் அதன் இடம்.

"நமக்கே எழுத்து தெரியாதே" என்பவர்களுக்குச் சொல்கிறோம். பள்ளியில் இன்னும் நடத்தாத பக்கத்தைத் திறந்து கொடுங்கள். நடத்தின பாடம் மனப்பாடமாக வரும், கண் சுவரைப் பார்க்கும், வாய் ஒப்பிக்கும். பக்கத்தின் நடுவில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். படத்தைக் கையால் மறையுங்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, "என்ன கதை, சொல்லு" என்று கேளுங்கள். பேசுகிற மாதிரி வாசித்து, சொந்த வார்த்தையில் சொன்னால் பிள்ளை படிக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நின்றால் செங்கோட்டை எது, சுரண்டை எது என்று போர்டை வாசிக்கச் சொல்லுங்கள். கணக்குக்கு, கட்டுக்கு 25 பீடி என்றால் ஆயிரத்துக்கு எத்தனை கட்டு என்று நாலாவது, ஐந்தாவது படிக்கிறவர்களிடம் கேளுங்கள். சின்னவர்களிடம் 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி என்ன என்று கேட்டால் போதும்.

தெரியாவிட்டால் அடிக்க வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம். மறுநாள் டீச்சரிடம் போங்கள். "எம்புள்ள நல்லா படிக்கிறாளா?" என்று கேட்டால் "படிக்கிறா" என்றுதான் பதில் வரும். "சொல் வாசிக்கா டீச்சர், வரி வாசிக்கத் திணறுதா. அவ அரும்பா, மொட்டா? பயிற்சி நூலைக் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே வேறாக இருக்கும். தனியார் பள்ளியிலும் இதே கேள்வியைக் கேட்கலாம், ஃபீஸ் கட்டுகிறோமே!

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் உறுப்பினர்கள் நிறையப் பேர் அதில் இருக்கிறார்கள். கூட்டத்தில் காம்பவுண்டுச் சுவர், கழிப்பறை, தண்ணீர் பற்றி நன்றாகப் பேசுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்ற கேள்வியையும் இந்த மாதக் கூட்டத்தில் கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பள்ளி மாற்ற உள்கடன் கேட்டு வரும் மனுவோடு, பிள்ளை எதுவரை வாசிக்கிறது என்பதையும் குழுவில் ஒரு வரி எழுதி வைத்தால், அடுத்த வருடம் அதே பிள்ளையை வாசிக்கச் சொல்லி, கடன் வாங்கிப் பள்ளி மாற்றியதால் என்ன கிடைத்தது என்று பார்க்கலாம்.