பட்டியலில் இல்லாத கட்டம்

அன்புள்ள இசக்கி,

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய உன் அத்தான், அங்கே வாக்காளராகப் பதியும்போதே கட்சியையும் எழுதிக் கொடுத்தானாம். "நம்ம வீட்டை எந்தக் கட்சின்னு எழுதி வச்சிருக்காங்க மாமா?" என்று கேட்டிருந்தாய். முதல் ஓட்டுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் நாட்டில் அப்படி ஒரு பதிவே கிடையாது. நீ நிரப்பப் போகும் படிவம் 6-இல் பெயர், பிறந்த தேதி, முகவரி கேட்பார்கள். கட்சியைக் கேட்க மாட்டார்கள். சாதி, மதத்தையும் கேட்க மாட்டார்கள். இது தானாக வந்துவிடவில்லை, தாயி. வெள்ளைக்காரர் ஆட்சியில், 1909 சட்டத்துக்குப் பிறகு, முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி, தனி வாக்காளர் பட்டியல் என்று தொடங்கியது. அடுத்தடுத்த சட்டங்களில் மற்றவர்களுக்கும் அந்தப் பிரிவினை நீண்டது. அப்போதும் பெரும்பாலும் சொத்தோ வரியோ உள்ளவருக்குத்தான் ஓட்டு. அந்தத் தனிப்பட்டியல்களைத் துடைத்து, ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப்பட்டியல் என்று சொன்னது அரசமைப்புச் சட்டத்தின் 325-ஆவது பிரிவு. தென்காசி ரத வீதிக்காரரும் பள்ளிவாசல் தெருக்காரரும் இன்று ஒரே பட்டியலில் இருப்பது அதனால்தான்.

அத்தான் சொன்னதும் பொய்யில்லை. பென்சில்வேனியா, நியூயார்க், புளோரிடா போன்ற மாநிலங்களில் ஒரு கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் அந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டுமே வாக்களிக்கலாம். டெக்சாஸில் அப்படிப் பதிவதில்லை. இங்கே வேட்பாளர் பெயர் சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வரும். நம்மை யாரும் கேட்பதில்லை. அது நமக்குப் பெரிய குறைதான். ஆனாலும் என் கட்சி இன்னதென்று அரசாங்கக் காகிதத்தில் இல்லாததையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

படிவத்தில் இல்லாத அந்தக் கட்சிக் கட்டத்தைக் கட்சிக்காரர்கள் தாங்களே போட்டுக்கொள்ளப் பார்ப்பார்கள் என்பதையும் தெரிந்துகொள். பூத் முகவர் கையிலிருக்கும் பட்டியல் நகலில் "நம்ம ஆளு" என்று பேனாவில் குறி விழும். தேர்தல் முடிந்ததும் வாக்குச்சாவடி வாரியான எண்ணிக்கை படிவம் 20-இல் வெளிவரும். ஒரு சாவடிக்கு ஆயிரம் பேர் அளவில்தான் வாக்காளர்கள் என்பதால் ஒரு தெருவின் போக்கை அதில் ஊகிக்கலாம். ஆனால் உன் ஒரு ஓட்டு யாருக்கு என்று அதிலிருந்து யாராலும் எடுக்க முடியாது. அந்த ரகசியத்தை உடைக்கும் அலுவலருக்கும் முகவருக்கும் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தண்டனை வைத்திருக்கிறது. கட்சி உறுப்பினர் அட்டை வாங்கினாலும் அது கட்சிக்கும் உனக்கும் உள்ள உறவு. வாக்காளர் பட்டியலில் ஏறாது, உன் கையையும் கட்டாது. யாருக்குப் போட்டாய் என்று தாய்மாமன் நான் கேட்டாலும் சொல்லாதே.

படிவத்தில் நீ யோசிக்க வேண்டியது முகவரியைத்தான். நீ தங்கிப் படிக்கும் குற்றாலம் விடுதி முகவரியில் பதிந்தால் தென்காசி சட்டமன்றத் தொகுதி, தென்காசி மக்களவைத் தொகுதி. ஆலங்குளம் வீட்டு முகவரியில் பதிந்தால், மாவட்டம் தென்காசியே ஆனாலும், மக்களவைக்கு நீ திருநெல்வேலித் தொகுதி வாக்காளர். மாணவிக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வழியுண்டு. இரண்டு இடத்தில் பதிவது குற்றம். படிப்பு முடிந்தால் ஊர் திரும்பப் போகிறவள் நீ. வீட்டு முகவரியே நல்லதென்பது என் எண்ணம். தேர்தல் நாளில் பஸ் ஏறி வந்துவிடலாம்.

ஒரு ஓட்டு என்ன செய்துவிடும் என்று நினைக்காதே. 2021-இல் தென்காசித் தொகுதியின் வெற்றியே 370 வாக்கு வித்தியாசத்தில்தான்.

2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் பல லட்சம் பெயர்கள் இல்லாமல் போயின. விண்ணப்பித்தாயிற்று என்று இருந்துவிடாதே. பெயர் ஏறிவிட்டதா என்று நீயே பார். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டிய தகுதி நாட்கள், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என, வருடத்துக்கு நான்கு உண்டு. பதினேழு முடிந்தவர்களே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். படிவத்தைக் கட்சிக்காரர் கையில் கொடுத்துவிடாமல் உன் கையாலேயே நிரப்பு. விடுதித் தோழிகளில் இன்னும் பதியாதவர்களையும் இந்த வாரமே பதியச் சொல்.

அன்புடன்,
மாமா