முடிவு தெரிந்தும் மனம் பதறுவது ஏன்?

“கதை விறுவிறுப்பாக இருந்தது” என்று சொல்லும் மாணவரிடம் அந்த விறுவிறுப்பு எப்படி வந்தது என்று கேட்டால் விழிப்பார். இதைக் கற்பிக்க ஒன்பதாம் வகுப்பில் நான் எடுத்துக்கொள்வது சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. கோவலன் கொல்லப்படுவான் என்பது மாணவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் மனம் பதறுகிறதே, ஏன்? பாடம் இக்கேள்வியில் தொடங்குகிறது.

காதையை எளிய உரைநடையில் சொல்லியபடியே கரும்பலகையில் இரு பத்திகள் இடுகிறேன்: ‘நமக்குத் தெரிந்தது’, ‘கோவலனுக்குத் தெரிந்தது’. சிலம்பு விற்கப் புறப்படுபவனை எருது பாய வருகிறது. அது தீநிமித்தம் என அவன் அறியான். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லனே. அவனிடமே கோவலன் தன் சிலம்பைக் காட்டுகிறான். முதல் பத்தி நிரம்ப, இரண்டாவது வெறுமையாகவே நிற்கும். அந்த வெற்றிடமே பதற்றத்தின் முதல் ஊற்று என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது தாமதமும் நம்பிக்கையும். காவலர்கள் உடனே வாளை ஓங்குவதில்லை. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே எனத் தயங்குகிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை விரித்துப் பேசுகிறான். இவ்விடத்தில் நிறுத்தி, “இப்போது என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்பேன். “தப்பிவிடுவான்” என்று சில குரல்களாவது எழும். முடிவு தெரிந்தவர்களையே நம்ப வைக்கிறார் இளங்கோவடிகள். அதன் பிறகே, குடிவெறியில் இருந்த ஒருவனின் வாள் வீசப்படுகிறது. வாள் வீச்சு ஒரு நொடி; அதற்கு முந்தைய காத்திருப்பே நீளம்.

பின்னர் எழுத்துப் பயிற்சி. ‘கடைசிப் பேருந்து’ என்ற தலைப்பில் பத்து வரிகள். பயம், பதற்றம் ஆகிய சொற்களுக்கு இடமில்லை. வாசகருக்கு மட்டும் தெரிந்த செய்தி ஒன்று, தாமதம் ஒன்று, நம்பிக்கை ஒன்று கட்டாயம் இடம்பெற வேண்டும். மூன்றையும் அடிக்கோடிட்டு இணையரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னால் மதிப்பீடும் எளிதாகிறது.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் குரங்கும் முதலையும் கதையை எடுத்துக்கொள்ளலாம். முதலையின் எண்ணம் குழந்தைகளுக்குத் தெரியும். அதன் முதுகில் அமர்ந்த குரங்குக்குத் தெரியாது. நடு ஆற்றில் கதையை நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என வரையச் சொல்லுங்கள்.

இப்பாடத்தின் முடிவில், “யாருமே அவனை விசாரிக்கவில்லையே?” என்ற கேள்வி வகுப்பில் எழும்போது, வழக்குரை காதைக்குள் நுழைய மாணவர்கள் ஆயத்தமாகிவிட்டார்கள் என்று கொள்கிறேன்.