பெயர்ப்பலகையைப் பார்த்துச் சேராதீர்கள்

"சிஸ்டம்ஸ் இன்ஜினியர் ஆகணும், எந்த காலேஜ் நல்லது?" என்று கேட்கும் பிளஸ் டூ மாணவரிடம் முதலில் கேட்க வேண்டியது: நீ சொல்வது வேலையின் பெயரா, படிப்பின் பெயரா? இன்ஃபோசிஸில் புதிதாகச் சேர்கிறவர்கள் பலருக்கு இந்தப் பதவிப் பெயரில்தான் ஆஃபர் லெட்டர் வருகிறது. அதற்குத் தனிப் பட்டம் தேவையில்லை.

படிப்பு வேறு. சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையம் ஒன்றில் நின்று பாருங்கள். ரயில் கதவும் நடைமேடைக் கண்ணாடிக் கதவும் நேருக்கு நேர் வந்து சேர்ந்தே திறக்கும். ரயில், கதவு, சிக்னல் மூன்றையும் ஒரே குழு வடிவமைப்பதில்லை. ரயில் எவ்வளவு தள்ளி நின்றால் கதவு திறக்கக் கூடாது, ஒரே ஒரு கதவு மூட மறுத்தால் வண்டி கிளம்பலாமா? இதையெல்லாம் முன்கூட்டியே எழுதி, எல்லோரையும் ஒத்துக்கொள்ள வைத்து, கடைசியில் சோதித்துக் காட்டுவதுதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்.

இதை இளநிலையிலேயே படிக்க இந்தியாவில் வழி குறைவு. காரக்பூர் ஐஐடியில் இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் உண்டு. ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். அமெரிக்காவில் அரிசோனா, வர்ஜீனியா, ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகங்கள். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் சிஸ்டம்ஸ் டிசைன் இன்ஜினியரிங். அங்கே படிப்பும் சம்பளத்தோடு வேலையும் நான்கு நான்கு மாதமாக மாறி மாறி வரும். என் ஓட்டு அதற்குத்தான். இரண்டு குழுக்கள் ஒரே கேபிளுக்காக முட்டிக்கொள்வதை வகுப்பறையில் பார்க்க முடியாது.

எங்கே சேர்வதானாலும் பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள். நிகழ்தகவு, புள்ளியியல், ஆபரேஷன்ஸ் ரிசர்ச், கன்ட்ரோல், சிமுலேஷன் இருக்கின்றனவா? எல்லாமே புரோகிராமிங் தாள்கள் என்றால், அது புதுப் பெயின்ட் அடித்த கம்ப்யூட்டர் சயின்ஸ்.

அங்கீகாரத்தையும் பாருங்கள். அதைத் தரும் அமைப்பு அமெரிக்காவில் ஏபெட், இங்கே என்பிஏ. இரண்டுமே அங்கீகாரத்தைப் படிப்புக்குத்தான் தருகின்றன, மொத்தக் கல்லூரிக்கு அல்ல. "எங்களுக்கு என்பிஏ இருக்கு" என்றால், எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். வேலைவாய்ப்பு என்று வந்தால், பிளெக்ஸ் பேனரில் சிரிக்கும் அந்த ஒரே ஒரு பெரிய சம்பளக்காரரை விட்டுவிடுங்கள். நடுவரிசை மாணவருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கணக்கு.

ஜேஇஇயும் கைகூடவில்லை, வெளிநாட்டுச் செலவும் கட்டுப்படியாகாது என்றால் கவலை வேண்டாம். டிஎன்இஏ கவுன்சலிங்கில் நல்ல கல்லூரியாகப் பார்த்து இசிஇ, ட்ரிபிள் இ, மெக்கானிக்கல், மெக்கட்ரானிக்ஸ் ஏதாவது ஒன்றில் ஊன்றிப் படித்துவிட்டு, முதுநிலையில் சிஸ்டம்ஸ் பக்கம் வரலாம். ஒரு துறையாவது ஆழமாகத் தெரியாமல் பல துறைகளை இணைக்கப் போகிறவர் பாடு கஷ்டம்தான்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போனால் முதல்வர் அறைக்கு முன் கேன்டீனுக்குப் போங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம், "உங்க புராஜெக்ட்டுல என்ன செய்யணும்னு யார் சொன்னாங்க?" என்று கேளுங்கள். ஒரு ஆலை, ஒரு மருத்துவமனை, ஒரு பஸ் டிப்போ என்று பதில் வந்தால் உட்கார்ந்து விசாரியுங்கள். "சீனியர் ரிப்போர்ட் ஒண்ணு இருந்துச்சுங்க" என்று சிரித்தால், டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடலாம்.